குரூப்பில் நம் பொருளைப் பற்றி எப்போது சொல்லலாம், எப்படிச் சொல்லலாம்?



கடலூர், சிதம்பரம் வட்டாரக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும்போது அடிக்கடி ஒரு புகார் வருகிறது. "ஆசையா நாலு போட்டோ போட்டேன் மேடம், குரூப்பை விட்டே தூக்கிட்டாங்க" என்கிறார்கள். மகளிர் குழுவிலிருந்து அல்ல, செல்போனில் உள்ள வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குரூப்பிலிருந்து. ஆரி ஒர்க், மாடித்தோட்டம், கோலம், குரோஷா பின்னல், சமையல் என்று ஆர்வம் உள்ளவர்கள் சேர்ந்து நடத்தும் குரூப்களில் நம் உறுப்பினர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். (இந்தக் கட்டுரையில் 'குழு' என்றால் நம் மகளிர் குழு. 'குரூப்' என்றால் செல்போன் குரூப்.)

புவனகிரிப் பக்கம் நம் உறுப்பினர் ஒருவர் இரண்டு வருடமாக ஒரு ஆரி ஒர்க் குரூப்பில் இருந்தார். சங்கிலித் தையலே அங்கேதான் கற்றார். பாசியும் ஜர்தோசியும் மொத்த விலையில் எங்கே கிடைக்கும், எந்தப் பசை போட்டால் கல் துவைத்தாலும் விடாது என்பதெல்லாம் அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். தீபாவளிக்கு முன்னால் ஒரே நாளில் பதினொரு பிளவுஸ் படங்களை விலையோடு போட்டார். மறுநாளும் போட்டார். அட்மின் நீக்கிவிட்டார். அங்கே வரவேண்டிய ஓரிரண்டு ஆர்டர் போனது பெரிய நஷ்டமில்லை. தை மாத முகூர்த்தத்துக்கு எடுத்த ஒரு பிளவுஸில் ஜர்தோசி பிரிந்து வந்தபோது யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதுதான் நஷ்டம்.

அட்மின் கொடுமைக்காரரா? அவர் பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம். அதில் நூறு பேர் தினம் ஆளுக்கு ஒரு விளம்பரம் போட்டாலே நூறு ஆகிறது. "எனக்குத் தையல் விட்டுப்போகுது, என்ன பண்றது?" என்று ஒருத்தி கேட்ட கேள்வி நடுவில் அமுங்கிப்போகும். விஷயம் தெரிந்தவர்கள்தான் முதலில் வெளியே போவார்கள். கடைசியில் விற்கிறவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். மஞ்சக்குப்பம் மைதானத்தில் வந்தவர்கள் அத்தனை பேரும் கடை விரித்து உட்கார்ந்தால் யார் வாங்குவது?

நம் வாரக் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு வாங்கி, உள்கடன் வசூல் முடிந்து, தீர்மானம் எழுதும் முன்பே ஒருவர் புடவை மூட்டையைப் பிரித்தால் ஊக்குநர் என்ன சொல்வார்? "கூட்டம் முடியட்டும் அக்கா" என்பார். விற்கவே கூடாது என்று சொல்வதில்லை. குரூப்பிலும் கணக்கு இதுதான்.

ஒவ்வொரு குரூப்புக்கும் விதி வேறு. சிலவற்றில் வாரத்தில் ஒரு நாள் மட்டும் விற்பனைப் பதிவு போடலாம். சிலவற்றில் விற்பனைக்கென்று தனி குரூப் உண்டு. சிலவற்றில் அறவே கூடாது. வாட்ஸ்அப்பில் குரூப் பெயரைத் தொட்டால் விவரம் வரும், அதில் பெரும்பாலும் விதியை எழுதியிருப்பார்கள். எழுதவில்லை என்றால் அட்மினுக்குத் தனியாக ஒரு வரி: "நான் மண்புழு உரம் தயாரித்து விற்கிறேன். குரூப்பில் சொல்லலாமா? எந்த நாளில் சொல்லலாம்?" கேட்டவரை யாரும் நீக்கியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. கேட்காமல் போட்டவர்கள்தான் எங்களிடம் வந்து நிற்கிறார்கள்.

எத்தனை தடவை போடலாம் என்றும் கேட்கிறீர்கள். 2005-ல் தொடங்கிய ரெட்டிட் என்ற அமெரிக்கத் தளத்தில் பொழுதுபோக்குக் கலைகளுக்கென்றே ஆயிரக்கணக்கான குரூப்கள் உண்டு. பத்துப் பதிவு போட்டால் ஒன்றுதான் சொந்தச் சரக்கைப் பற்றி இருக்கலாம் என்று அங்கே நெடுங்காலம் ஒரு வழிகாட்டல் இருந்தது. எண்ணிக்கையை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மீதி ஒன்பது என்ன என்று யோசித்தால் விஷயம் புரியும். அடுத்தவர் கேள்விக்குப் பதில், அடுத்தவர் வேலைக்குப் பாராட்டு, தனக்குத் தெரிந்த நுணுக்கம் ஒன்று.

உரம் விற்கிறவர் தினமும் "உரம் கிலோ இவ்வளவு" என்று போட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார். யாரோ செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று படம் போடும்போது, "ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் இலைக்கு அடியில் தெளிங்க" என்று சொன்னால், அந்தப் பெயர் மனதில் நிற்கும். பத்து நாள் கழித்து உரம் வேண்டுமென்றால் அவரைத்தான் கேட்பார்கள்.

இது செல்போன் வந்த பிறகு வந்த பழக்கமும் அல்ல. 2018-ல் மறைந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் விவசாயிகளுக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார். அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். வாங்குகிறவர் கொடுக்கிறவராகவும் ஆனதால்தான் அந்த விதை ஊர் ஊராகப் பரவியது.

அடுத்தது, மறைக்காமல் சொல்வது. "இந்த முந்திரி சூப்பர், எல்லாரும் வாங்குங்க" என்று நம் நாத்தனாரை விட்டுப் போடச் சொல்வது, தங்கச்சி போனிலிருந்து நாமே பாராட்டி எழுதுவது, இதெல்லாம் சின்ன வேலைதானே என்று தோன்றும். குரூப்பில் கண்டுபிடித்துவிட்டால் அதன்பின் உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். சட்டமும் இதைக் கவனிக்க ஆரம்பித்திருக்கிறது. செல்போனில் பலர் பின்தொடரும் ஆட்கள் ஒரு பொருளைப் பாராட்டும்போது, காசு வாங்கினாலும், இலவசமாகப் பொருள் வாங்கினாலும், விற்பவர் சொந்தக்காரராக இருந்தாலும் அதை எளிய மொழியில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டல் வெளியிட்டது. நமக்கு ஒரு வரி போதும்: "இது நான் செய்தது, விலைக்கும் தருகிறேன்."

படம் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறோம். இணையத்தில் கிடைத்த நல்ல பிளவுஸ் படத்தை எடுத்துத் தன் வேலை போலப் போடுவது திருட்டுத்தான். கலைக் குரூப்களில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. டிசைனை இன்னொருவரிடம் பார்த்துச் செய்திருந்தால் அவர் பெயரைச் சொல்லிவிடுங்கள். உங்கள் தையல் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் உங்கள் படத்தையே போடுங்கள். வாங்குகிறவர் கைக்கு வரப்போவது அதுதானே.

குரூப்பிலிருந்து நம்பர்களை எடுத்து ஒவ்வொருவருக்கும் தனியாக "வணக்கம் மேடம்" அனுப்புவது வேண்டவே வேண்டாம். நிறையப் பேர் பிளாக் செய்து புகார் கொடுத்தால் வாட்ஸ்அப்பே அந்த எண்ணை முடக்கிவிடலாம். வாடிக்கையாளரும் மகளிர் குழுவும் தொடர்புகொள்ளும் எண் அதுவாக இருக்கும், யோசியுங்கள்.

வடை மாவு, ஊறுகாய், முந்திரி, மசாலாப் பொடி விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பொருளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். அந்த 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்கட்டும், குரூப்பில் போடும் படத்திலும் தெரியட்டும். "சர்க்கரை நோய் குணமாகும்" என்றெல்லாம் எழுதாதீர்கள்.

அப்படியானால் தாராளமாக விளம்பரம் செய்ய இடமே இல்லையா? இருக்கிறது. உங்கள் ஸ்டேட்டஸ் உங்கள் வீட்டுத் திண்ணை மாதிரி. தினமும் போடலாம், யாரும் கேட்க முடியாது. உங்கள் எண்ணை அவர்களும் அவர்கள் எண்ணை நீங்களும் பதிந்து வைத்திருந்தால்தான் தெரியும், அவ்வளவுதான். 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் பொருள், படம், விலை எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக வைக்கலாம், கேட்பவருக்கு அந்தப் பட்டியலை அனுப்பலாம். மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் 'மதி' பெயரில் குழுப் பொருட்களை விற்கவும் வழி இருக்கிறது. அதற்கு உங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கேளுங்கள். எங்கே போட்டாலும் விலையைச் சேர்த்தே போடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்பது எங்களுக்கே எரிச்சலாக இருக்கிறது.

ஏற்கெனவே நீக்கப்பட்டவர்கள் அட்மினிடம் சண்டை போட வேண்டாம். "விதி தெரியாமல் போட்டுவிட்டேன். கற்றுக்கொள்ளத்தான் வந்தேன், மறுபடி சேர்த்துக்கொள்ள முடியுமா?" என்று ஒரு தடவை கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அதே கலைக்கு வேறு குரூப்களும் இருக்கும்.

அடுத்த மாத வட்டாரக் கூட்டத்துக்கு வரும்போது செல்போனையும், உங்கள் பொருளின் மூன்று நல்ல படங்களையும், விலைப் பட்டியலையும் கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுத் தர நாங்கள் இருப்போம். போனில் சார்ஜ் இருக்கட்டும்.