கால் சுமக்கும் கிராம்கள்

இடுப்பில் கட்டிய 100 கிராமும் காலில் கட்டிய 100 கிராமும் ஓடுபவருக்கு ஒன்றல்ல. ஓட்டத்தில் கால் ஊசல்போல ஆடுகிறது. அதன் நுனியில் இருக்கும் சுமையை ஒவ்வோர் அடியிலும் தூக்கி, முன்னே வீசி, நிறுத்தி, மறுபடியும் தூக்க வேண்டும். மாரத்தானை நான்கு மணி நேரத்தில் முடிக்கும் ஒருவர் ஏறக்குறைய 40,000 அடி வைக்கிறார். ஷூவில் 100 கிராம் கூடினால் ஒவ்வொரு காலும் அதை 20,000 முறை தூக்குகிறது. கூட்டிப் பார்த்தால் காலுக்கு 2 டன்!

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஷூவின் நாக்குப் பகுதிக்குள், ஓடுபவர்களுக்குத் தெரியாமல் சிறு ஈயக் குண்டுகளை மறைத்து வைத்தார்கள். ஒரு ஷூவுக்கு 100 கிராம் கூடியபோது உடல் செலவழித்த ஆற்றல் சுமார் 1 சதவீதம் உயர்ந்தது; 3,000 மீட்டரை ஓடி முடிக்கும் நேரம் 0.78 சதவீதம் நீண்டது. போட்டியில் நொடிகளை எண்ணுபவருக்கு இது பெரிய தொகை. காலையில் பூங்காவைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வருபவருக்கு அவ்வளவு பெரிதல்ல.

எடைதான் எல்லாம் என்றால் ஷூவே வேண்டாமே என்று தோன்றலாம். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலுடன் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் மாரத்தானை வென்றார். 1964 டோக்கியோவில் ஷூ அணிந்து, அதைவிட மூன்று நிமிடம் வேகமாக ஓடி மறுபடியும் வென்றார். (நடுவில் நான்கு ஆண்டுப் பயிற்சி இருக்கிறது, பெருமை முழுவதையும் ஷூவுக்கே கொடுத்துவிட முடியாது.) வெறுங்காலில் ஓடிப் பழகியவர்களை வைத்தே கொலராடோவில் நடத்திய இன்னொரு ஆய்வும், மெத்தை வைத்த லேசான ஷூவைவிட வெறுங்கால் ஆற்றலை மிச்சப்படுத்துவதில்லை என்று கண்டது. காலுக்கடியில் மெத்தை இல்லாவிட்டால் அதிர்வைத் தாங்கும் வேலையைத் தசைகள் ஏற்க வேண்டியிருக்கிறது, எடையில் மிச்சமானது அங்கே செலவாகிவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

எனவே, ஷூவுக்கு நிறுவனம் குறிப்பிடும் எடையைவிட அடிப்பாகத்தில் இருக்கும் நுரைதான் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. பல ஆண்டுகளாகப் பெரும்பாலான ஷூக்களில் இருந்தது ஈ.வி.ஏ. என்ற நுரை. மிதிக்கும்போது அது வாங்கிக்கொள்ளும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கை வெப்பமாக இழந்துவிடும். 2017-இல் நைக்கி வெளியிட்ட வேப்பர்ஃப்ளை ஷூவில் பீபா என்ற நுரையும் கார்பன் தகடும் இருந்தன. ஆய்வகச் சோதனையில் அந்த ஷூ 87 சதவீத ஆற்றலைத் திருப்பிக் கொடுத்தது. ஒப்பிட்ட பழைய பந்தய ஷூ கொடுத்தது சுமார் 66 சதவீதம். பீபா ஈ.வி.ஏ.வைவிட லேசானது என்பதால் அடிப்பாகத்தைத் தடிமனாக்கியும் எடை ஏறவில்லை. ஓடுபவர்களுக்குச் சராசரியாக 4 சதவீத ஆற்றல் மிச்சமானது. போட்டி நிறுவனங்களும் அதே வழியில் இறங்க, உலகத் தடகள அமைப்பு 2020 ஜனவரியில் சாலை ஓட்டத்துக்கான ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஒரு தகட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டியது.

இந்தப் போட்டியின் தீவிரம் 2023 பெர்லின் மாரத்தானில் தெரிந்தது. எத்தியோப்பியாவின் டிக்ஸ்ட் அசெஃபா 2:11:53 என்று பெண்களுக்கான உலகச் சாதனை படைத்தபோது காலில் இருந்தது 138 கிராம் எடையுள்ள அடிடாஸ் ஷூ. விலை 500 டாலர். அது ஒரு மாரத்தானுக்கும், அதற்கு முன் காலுக்குப் பழக்கிக்கொள்வதற்கும் மட்டுமே என்று தயாரித்த நிறுவனமே சொல்லியது.

சாதாரண ஓட்டக்காரருக்குக் கார்பன் தகடு போட்ட ஷூ எவ்வளவு உதவும்? மெதுவாக ஓடுபவர்களிடம் நடத்திய சோதனையில் பலன் சுருங்கிவிட்டது. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் 1.4 சதவீதம், 10 கிலோமீட்டரில் 0.9 சதவீதம்தான். ஆளுக்கு ஆள் வேறுபாடும் அதிகம். சிலருக்குப் பலன் எதிர்மறையாகவும் போனது. மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவர் முதல் ஷூவாகக் கார்பன் தகடு போட்டதை வாங்குவது வீண் செலவு.

பயிற்சிக்கு 230 முதல் 290 கிராம் வரையுள்ள, நீடித்து உழைக்கும் ஷூ போதும். வாரத்தில் பெரும்பாலான கிலோமீட்டர்கள் இதில்தான் கழியும். அடிக்கடி போட்டியிடுபவர்கள் 200 கிராமை ஒட்டிய இன்னொரு ஜோடியைப் போட்டிக்கும் வேக ஓட்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். அதைப் போட்டி நாளன்று முதன்முதலாக மாட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. முன்கூட்டியே இரண்டு மூன்று வேக ஓட்டங்களில் பழக்கிவிட வேண்டும். இரண்டு ஜோடி வைத்திருப்பதில் வேறொரு லாபமும் இருக்கிறது. லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரங்கள் கவனித்த ஆய்வில், பல ஜோடிகளை மாற்றி மாற்றி அணிந்தவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது.

லேசான ஷூக்களில் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் பெரும்பாலும் குறைவு. கடைக்காரர்கள் இதை டிராப் என்பார்கள். 10 மில்லிமீட்டரிலிருந்து திடீரென்று 4-க்கு இறங்கினால் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் கூடுதலாக இழுபடும். மெத்தையே இல்லாத ஷூவுக்குப் பத்து வாரத்தில் மாறிய ஓட்டக்காரர்களின் பாத எலும்புகளில் வீக்கம் ஏற்பட்டதை 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு பதிவு செய்தது. குறைந்த தூரத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவதுதான் வழி.

கடைக்கு மாலையில் போவது நல்லது. பகல் முழுதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது அணியும் அதே சாக்ஸுடன் இரண்டு காலிலும் போட்டு, கடைக்குள்ளேயே கொஞ்சம் ஓடிப் பார்க்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடமிருக்க வேண்டும். நிறுவனங்கள் குறிப்பிடும் எடை வழக்கமாக ஆண்களின் 8 அல்லது அதை ஒட்டிய அளவுக்கானது; 10-ஆம் அளவு வாங்குபவர் கூடுதலாகத்தான் சுமப்பார். பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூவைத் தீர்மானிக்கும் பழக்கம் காயங்களைக் குறைப்பதாக ராணுவ வீரர்களிடம் நடத்திய ஆய்வுகள் காட்டவில்லை. போட்டதும் காலுக்கு இதமாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பதே மேல்.

பயிற்சி ஷூ பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும், பந்தய ஷூ அதைவிடக் குறைவு. மழையில் நனைந்ததை வெயிலில் போட்டால் நுரையும் பசையும் கெட்டுவிடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். நுரை துவண்டுபோன ஜோடியை நடைக்கு ஒதுக்கிவிடலாம்.