தொடக்க நூலைத் தேர்தல்

இணையத்தளம் அமைக்கப் பயில்வோருக்கான வழிகாட்டி நூல்கள் பெருகியுள்ள இக்காலத்தில், அவற்றின் தரமறியும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தளத்துக்கு வேண்டிய பொதுவுறுப்புக்களை முன்னரே ஆக்கித் தருவது சட்டகம். பைதன் மொழியில் அமைந்த ஜாங்கோ அத்தகையது. நூலொன்று ஜாங்கோவின் எப்பதிப்புக்கு எழுந்தது என்பதே முதற்கண் நோக்கத்தக்கது. 2017 டிசெம்பரில் வெளியான 2.0 பதிப்பு, ஓர் அட்டவணையை மற்றொன்றோடு தொடுக்குமிடத்து, மூலப்பதிவு அழிக்கப்படின் சார்பதிவு யாதாகும் என்பதையும் கட்டாயம் எழுதுமாறு விதித்தது. இதனைக் கூறாத பழைய நூலைக்கொண்டு புதிய பதிப்பிற் பயிலும் மாணவன் பிழைச்செய்தியே பெறுவான். குறை நூலினதாயிருக்கத் தன்னறிவை நொந்து கல்வியையே கைவிடவுங் கூடும்.

நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுட் குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் இந்நூல்களிலும் உள. 'இவ்வாறு எழுதுக' என விதித்துக் காரணத்தை விடுத்தல் முன்னையது. முதலியலிலேயே யாவற்றையும் திணித்தல் பின்னையது.

ஜாங்கோவை ஆக்குவோர் விலையின்றி வழங்கும் பயிற்சிப்பாடம், வாக்கெடுப்புத் தளமொன்றைப் படிப்படியாக அமைத்துக் காட்டுவது. நூலின் ஓரியலை அதனோடு ஒப்புநோக்குக. அதனினும் தெளிவாகக் காரணங் காட்டும் நூலுக்கே பொருள் கொடுத்தல் தகும் என்பது எம் துணிபு.