மலை வீட்டில் ஆக்சிஜன்: யார் பொறுப்பு?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். அந்த முப்பது கிலோமீட்டருக்குள் மூச்சு நோயாளியின் உடம்பில் ஒரு கணக்கு மாறிவிடுகிறது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால், ஏற்காட்டில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. நல்ல நுரையீரல் உள்ளவருக்கு இது தெரியவே தெரியாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி. உள்ளவருக்குத் தெரியும். கீழே வார்டில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் இரத்த ஆக்சிஜனை 90 விழுக்காடு என்று காட்டியதால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு, மேலே வீட்டுத் திண்ணையில் அதே கருவி 86, 87 என்று காட்டலாம். வீட்டில் ஆக்சிஜன் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு மருத்துவம் போட்டிருக்கும் கோடு 88. கோட்டுக்கு மேலே இருந்தவர் மலை ஏறியதும் கோட்டுக்குக் கீழே வந்துவிடுகிறார். கையில் இருக்கும் சீட்டில் மட்டும் பழைய எண்ணே இருக்கிறது.

வீட்டில் மூச்சுச் சிகிச்சை என்றதும் நம் மக்கள் மனதில் வருவது ஒரு இயந்திரம். காற்றிலிருந்து ஆக்சிஜனைச் செறிவாக்கித் தரும் கான்சன்ட்ரேட்டர் ஒன்றை வாங்கி மூலையில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் அந்த இயந்திரம் ஓடக் கரண்ட் வேண்டும், கரண்ட் நின்றால் சிலிண்டர் வேண்டும், எத்தனை லிட்டரில் வைப்பது என்று எழுதித் தர மருத்துவர் வேண்டும், இன்ஹேலர் தீரும்முன் மறுபடி கிடைக்க வேண்டும், மூன்று மாதத்தில் யாராவது ஒருவர் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். இவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையில் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் எழுதி வைக்கப்படவில்லை. சமவெளியில் இந்த ஓட்டையை ஒரு ஆட்டோவும் இரண்டு போன் அழைப்பும் அடைத்துவிடும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வெள்ளக்கடை, நாகலூர், செம்மநத்தம் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது நடக்காது. பொருள் கிடைக்காதது பாதிக் குறைதான். மீதிப் பாதி, பொறுப்பாள் இல்லாதது. என் வாதம் இதுதான்.

இதற்கு முதல் மறுப்பு பழைய நம்பிக்கையிலிருந்து வரும்: மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லதாயிற்றே, அங்கே எதற்கு ஆக்சிஜன்? நகரத்துப் புகையும் தூசியும் அங்கே குறைவு என்பது உண்மை. ஆனால் தூய காற்றும் போதிய ஆக்சிஜனும் ஒன்றல்ல. மேலும், நோயை உண்டாக்கும் புகை பெரும்பாலும் தெருவில் இல்லை, சமையற்கட்டில் இருக்கிறது. குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு விறகடுப்பு எரியும் வீட்டில் வருடக்கணக்காகச் சமைத்த பெண்ணுக்கு, ஒரு பீடிகூடத் தொடாமலே சி.ஓ.பி.டி. வரும். 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் இந்நோய் உள்ளவர்கள் சுமார் 5.5 கோடிப் பேர். மாரடைப்பு வகை நோய்களுக்கு அடுத்தபடியாக உயிரைப் பறிப்பதும் இதுவே. மூடுபனியும் குளிரும் இழுப்பைக் கிளப்பிவிடும் என்பதை ஆஸ்துமாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிர் இன்னொன்றும் செய்யும்: விரைத்துப்போன விரலில் ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடேற்றி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பார்த்த எண்ணையே நம்ப வேண்டும். கருத்த தோலில் இந்தக் கருவி சற்றுக் கூடுதலாகக் காட்டுவதுண்டு என்று 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு சொன்னது நமக்கும் பொருந்தும்.

ஆக்சிஜன் ஒரு மருந்து. அளவு, நேரம், நிறுத்த வேண்டிய கட்டம் எல்லாம் அதற்கும் உண்டு. இரத்தத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்துபோன சி.ஓ.பி.டி. நோயாளிகள் நாளொன்றுக்கு 15 மணி நேரமாவது ஆக்சிஜன் எடுத்தால் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று 1980இலும் 1981இலும் வெளிவந்த அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வுகள் காட்டின. ஓரளவு மட்டுமே குறைந்தவர்களுக்கு இந்தப் பலன் இல்லை என்று 2016இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. மூச்சு வாங்குகிறவர்களுக்கெல்லாம் இயந்திரம் தேவையில்லை என்பதுதான் இதன் பொருள். விற்பனையாளர் இதைச் சொல்ல மாட்டார். தேவைப்படுகிறவருக்கும், எண் 98க்கு ஏற வேண்டும் என்று குடும்பத்தார் குமிழைத் திருகிவிடுவது ஆபத்து. சி.ஓ.பி.டி. நோயாளிக்கு வழக்கமான இலக்கு 88 முதல் 92 வரைதான். அதைத் தாண்டினால் சிலருக்கு உடம்பில் கரியமில வாயு தேங்கும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், பிறகு மயக்கம். 'நன்றாகத் தூங்குகிறார்' என்று வீட்டார் நிம்மதி அடையும் அந்த நேரத்தில்தான் 108 ஆம்புலன்ஸை அழைத்திருக்க வேண்டும். விறகடுப்பு, பீடி, சாமி விளக்கு ஆகியவை ஆக்சிஜன் குழாயிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்க வேண்டும். ஆக்சிஜன் தானாக எரியாது. எரிகிற எதையும் மூர்க்கமாக எரிய வைக்கும். சிலிண்டர் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீசோ தடவவே கூடாது.

கரண்ட் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் கான்சன்ட்ரேட்டர் ஏறத்தாழ 300 வாட் இழுக்கும். 15 மணி நேரத்துக்கு நான்கரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 270 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் 100 யூனிட். அதாவது ஒரு மனிதர் மூச்சு விடுவதற்கே இலவச அளவைப்போல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு ஆகிறது. பல்பும் மிக்ஸியும் அதற்கு மேலே. தோட்டக் கூலி வாங்கும் குடும்பம் பில்லைப் பார்த்துப் பயந்து இயந்திரத்தை ராத்திரிக்கு மட்டும் ஓட்டினால், 15 மணி நேரம் எட்டு மணி நேரமாகிவிடும். மருத்துவம் பாதியில் நின்றுபோகும். மரம் விழுந்து கரண்ட் போனால் பி-டைப் சிலிண்டர் துணைக்கு வரும் என்பார்கள். அதில் இருப்பது சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் பன்னிரண்டரை மணி நேரத்தில் காலி. பெரிய டி-டைப் சிலிண்டர் 7,000 லிட்டர், இரண்டு நாளைக்குச் சற்று மேலே வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்துத் தடைபட்டதை நினைவில் வைத்து இந்த மணிக்கணக்கைப் படியுங்கள். சிலிண்டரை நிரப்பித் தரும் வண்டியும் அதே பாதையில்தான் வர வேண்டும்.

இங்கிலாந்தில் வீட்டு ஆக்சிஜன் ஒரே ஏற்பாடாக நடக்கிறது. ஒப்பந்த நிறுவனமே இயந்திரத்தைப் பொருத்துகிறது, பழுது பார்க்கிறது, மாற்றுச் சிலிண்டர் வைக்கிறது, இயந்திரம் தின்ற மின்சாரத்துக்கான காசையும் நோயாளிக்குத் திருப்பித் தருகிறது. பணக்கார நாடு, நமக்குக் கட்டுப்படியாகுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலைய மட்டத்திலேயே மூச்சு நோய்க்கென்று 'ஸ்வாஸ்' கிளினிக்குகளை அது ஏற்படுத்தியிருக்கிறது. வீடு தேடி வரும் நோய்த் தணிப்புக் குழுக்களும் அங்கே ஊர் ஊராக உண்டு. நம்மிடமும் கட்டமைப்பு இல்லாமலில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் நோய்த் தணிப்புச் சிகிச்சையையும் டயாலிசிஸ் பைகளையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அறிவித்த அந்தப் பட்டியலில் மூச்சு நோய் இல்லை. மத்திய அரசின் தொற்றா நோய்த் திட்டமோ 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சி.ஓ.பி.டி.யையும் ஆஸ்துமாவையும் சேர்த்துக்கொண்டது. சால்பூட்டமால், புடசோனைடு, டையோட்ரோபியம் ஆகியவை 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. திட்டமும் இருக்கிறது, பட்டியலும் இருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட வேண்டியதுதான் பாக்கி.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போகும் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை, மூச்சு நோயையும் சுமத்துவதா என்று அவர்கள் பக்கமிருந்து எழும் குரலைத் தள்ளிவிட முடியாது. சுமை கூடினால் ஊக்கத்தொகையும் கூட வேண்டும். ஆனால் நான் கேட்பது அவர்கள் இயந்திரத்தைப் பழுது பார்க்க வேண்டும் என்பதல்ல. இரத்த அழுத்தம் பார்க்கப் போகிற வீட்டில் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி, எண்ணைக் குறித்து, 88க்குக் கீழே இருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குச் சொன்னால் போதும். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். கீழே சேலத்துக்குக் குடிபெயர்ந்துவிடலாமே என்று சொல்வோரும் உண்டு. உயரக் கணக்குப்படி அதில் நியாயமும் உண்டு. ஆனால் தலைமுறையாக மலையில் இருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்கும், தோட்ட லைன் வீட்டில் இருப்பவருக்கும் வாடகை, வேலை, துணைக்கு ஆள் எல்லாம் அங்கே யார் தருவார்? தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி தருவது முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதி வைத்தது. அந்த உரிமையை மூச்சு நோய்க்காகக் கேட்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதேயில்லை.

சொந்தக் காசில் வாங்குகிறவர்களுக்கும் வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கும் சட்டம் துணை இருக்கிறது. 2020 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன. நல்ல கான்சன்ட்ரேட்டர் 90 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ள ஆக்சிஜனைத் தர வேண்டும். 82க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை தர வேண்டும். ஆகவே வாங்கும்போது செறிவை அளந்து காட்டச் சொல்லுங்கள். பில்லில் இயந்திரத்தின் வரிசை எண்ணும் வாரண்டிக் காலமும், மலைக்கு வந்து சர்வீஸ் செய்வார்களா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். வாயால் சொன்ன வாக்கு மலையடிவாரக் குப்பனூரைத் தாண்டாது. ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. கெடு இரண்டு ஆண்டு. கருவியால் உடம்புக்குத் தீங்கு நேர்ந்தால் 1800 180 3024இல் தெரிவிக்கலாம். மருத்துவக் காப்பீட்டை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மருத்துவமனைக்கு வெளியே பயன்படுத்தும் ஆக்சிஜன் சிலிண்டரும் நெபுலைசரும் வழக்கமாகக் காசு கிடைக்காத பொருள்களின் பட்டியலில் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் முக்கியமாக மருத்துவமனைச் சிகிச்சைக்கானது. வீட்டில் ஆகும் செலவை இரண்டுமே பெரிதாகத் தாங்காது. அதனால்தான் மின்கட்டணச் சலுகையும் கருவிகளை இரவல் தரும் ஏற்பாடும் வேண்டும் என்கிறேன். கொரோனாக் காலத்தில், 2021இல், பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து மட்டும் ஒரு லட்சம் கான்சன்ட்ரேட்டர்கள் வாங்க முடிவானது. அப்போது வந்தவற்றில் எத்தனை இன்று சும்மா இருக்கின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்த அரசு மருத்துவமனையிடமும் யாரும் கேட்கலாம்.

அரசு அசையும்வரை, உரிமையைக் கேட்டு வாங்க வேண்டிய இடம் டிஸ்சார்ஜ் மேசை. நோயாளியோ அவர் அதிகாரம் தந்த உதவியாளரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி. மருந்தை எங்கே வாங்குவது என்பது உங்கள் விருப்பம் என்று தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டயம் சொல்கிறது. எனவே, 'எங்கள் வீடு ஏற்காட்டில், 1,500 மீட்டர் உயரத்தில்' என்று மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம், எந்த எண்ணுக்குக் கீழே போனால் என்ன செய்வது, மறுபடி அளந்து பார்க்க எந்தத் தேதியில் யாரிடம் வருவது என்ற நான்கையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். வார்டில் தொடங்கிய ஆக்சிஜன் மூன்று மாதத்தில் சிலருக்குத் தேவைப்படாமலே போகும். அளக்காவிட்டால் அது தெரியாது. அந்தச் சீட்டின் நகல் ஒன்றை உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஏற்காடு அரசு மருத்துவமனையிலோ கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் சுகாதார உதவி எண் 104, அதற்கும் அசையாவிட்டால் முதல்வரின் உதவி மைய எண் 1100. அந்த நான்கும் சீட்டில் இல்லாமல் மலைக்கு வண்டி ஏறாதீர்கள்.