அம்பிகை பொறுத்திருப்பாள்!

பாபநாசத்தை அடுத்த திருக்கருகாவூரின் தலபுராணம் நம்மில் பலரும் அறிந்ததே. ஊர்த்துவபாத முனிவரின் சாபத்தால் வேதிகையின் கரு கலைந்தபோது, கர்ப்பரட்சாம்பிகை அதைத் தெய்விகக் குடமொன்றில் வைத்துக் காத்தாள். நாள் நிறைந்ததும் நைத்ருவன் என்ற மகவாகத் தந்தாள். குழந்தைக்குப் பாலளிக்கக் காமதேனுவே வந்தது. ஆனால், குடத்திலிருந்து வெளிவந்த பிள்ளையை வீட்டில் எவ்வாறு பேணினார்கள் என்று கதை விரிக்கவில்லை. இன்றைய பாட்டி தாத்தாக்களுக்கு அந்தப் பகுதிதான் வேண்டியிருக்கிறது.

எங்கள் திருமுல்லைவாயிலில், இரண்டு தெரு தள்ளி ஒரு குடும்பம். சென்ற கார்த்திகையில் அவ்வீட்டு மருமகளுக்கு 32-ஆம் வாரத்திலேயே இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் 24 நாட்கள் இருந்துவிட்டு வீடு திரும்பியபோது மார்கழிப் பனி. கையில் கொடுத்தனுப்பிய சீட்டில், இரண்டு வாரத்தில் மறுபடியும் கண் பரிசோதனை என்று எழுதியிருந்தது. “நாற்பது நாள் முடியுமுன் பச்சைப் பிள்ளைகளை வாசற்படி தாண்ட விடுவதா? கண் நன்றாகத்தானே இருக்கிறது?” என்றார் பாட்டியம்மாள். அவர் சொன்னதில் பாதி சரி. மறு பாதியில்தான் ஆபத்து.

விழித்திரையின் இரத்த நாளங்கள் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வளர்பவை. பத்து மாதம் நிறையும் தறுவாயில்தான் அவ்வளர்ச்சி முழுமை பெறும். குறைமாதத்தில் பிறந்தால் அது பாதியில் நிற்கிறது. பின்னர் நாளங்கள் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடக்கூடும். வெளியே சிவப்போ நீரோ தெரியாது, தாய்க்கும் தெரியாது. ஆகவேதான் நம் நாட்டில், 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 2 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் பிறந்த 30 நாட்களுக்குள் முதற்பரிசோதனை செய்யவேண்டும் என்கிறார்கள். நாளங்கள் முழுமையாக வளரும்வரை அது தொடரவேண்டும். உரிய வேளையில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையோ ஊசியோ பார்வையைக் காக்கும். இரட்டையரில் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாமலும் போகலாம். எனவே இருவரையுமே காட்டவேண்டும். வங்கியில் தவணை தவறியவர்களுக்கு அபராத வட்டி போட்டு அவகாசமும் கொடுத்திருக்கிறோம். இந்தத் தவணைக்கு அவகாசம் கிடையாது.

தடுப்பூசியும் அப்படியே, பிறந்த தேதியைக் கணக்கிட்டுத்தான். ஆனால் ‘தலை நின்றதா, குப்புற விழுந்ததா?’ என்று கேட்பவர்கள், 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு மாதத்தைக் கழித்துவிட்டுக் கேட்கவேண்டும். கேட்காமலே இருந்தால் தாய்க்கு இன்னும் நிம்மதி.

பாட்டியம்மாள் சொன்னதில் சரியான பாதி என்னவென்றால், கூட்டம் ஆகாது, குளிர் ஆகாது என்பது. தோலுக்கடியில் கொழுப்புச் சேராத உடம்பு சூட்டைத் தாங்கி வைத்திராது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் தவித்த மருத்துவர் எட்கர் ரே, குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டி வைக்கச் செய்தார். கங்காரு முறை என்று உலகெங்கும் பரவியது அதுதான். தாயிடம் இருப்பதோ ஒரே மார்பு, பிள்ளைகளோ இருவர். அங்கேதான் தந்தைக்கும் பாட்டிக்கும் வேலை வருகிறது. தாத்தாக்களும் செய்யலாம். சட்டையைக் கழற்றி, குல்லாயும் அரைத்துணியும் மட்டும் அணிந்த குழந்தையை நெஞ்சோடு நிமிர்த்திச் சேர்த்து, மேலே போர்வை சுற்றிக்கொண்டு, மனத்துக்குள் நாமம் சொல்லியபடி சாய்ந்திருக்கலாம். இருமல், சளி இருந்தால் மட்டும் எட்டி நிற்கவேண்டும்.

சேனை தொட்டு வைப்பது, கண்ணில் மை எழுதுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது ஆகியவற்றை விட்டுவிடுவதே நல்லது. தூங்கவைக்கும்போது மல்லாந்தே கிடத்தவேண்டும். சோப்புப் போட்டுக் கைகழுவாமல் யாரும் தொடக்கூடாது. பார்க்க வரும் உறவினர்களிடம் இதைச் சொல்லும் பொறுப்பை மருமகள்மேல் சுமத்தாமல் பெரியவர்களே ஏற்கவேண்டும்.

அவ்வீட்டுத் தாத்தா ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, எவன் எப்போது பால் குடித்தான், எத்தனை முறை நனைத்தான் என்று எழுதிவந்தார். இரவு பகலாக நாளொன்றுக்குப் பதினாறு பாலூட்டல்களுக்கும் மேல். எழுதாவிட்டால் யாருக்கு நினைவிருக்கும்? பேரேடு பார்த்துப் பழகிய எனக்கு அந்த நோட்டு மிகவும் பிடித்துப்போயிற்று. அட்டையின் உட்புறத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: ‘பாலுக்கு எழாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், மூச்சில் விலா உள்வாங்கினால், பாதம் ஜில்லிட்டால், உடனே 108.’

பெரியவனுக்கு மூன்றாம் பரிசோதனையிலும் சின்னவனுக்கு நான்காவதிலும், நாளங்கள் வளர்ந்துவிட்டன என்றார் மருத்துவர். கொடியிடை நாயகிக்கு நேர்ந்துகொண்ட புடவை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. சித்திரைச் சதயத்தில், சந்தனக் காப்பு களைந்த மாசிலாமணீஸ்வரரைத் தரிசிக்கப் பெருங்கூட்டம் வரும். அன்று வேண்டாமென்று பாட்டியம்மாளே சொல்லிவிட்டார். வைகாசியில் கூட்டமில்லாத ஒரு நாளில், மாலை நடை திறந்ததும் போகிறார்களாம்.