கறைப்பணமும் வாக்குப்பெட்டியும்

மக்களாட்சியின் அடித்தளம் வாக்குரிமை என்பர். அவ்வடித்தளத்தைக் கறையான் போல் உள்ளிருந்தே அரிக்கவல்லது குற்றக் கும்பல்களின் பணம். அஃது எவ்வாறு அரிக்கின்றது என்பதைத் தென் அமெரிக்க நாடாகிய கொலம்பியாவின் வரலாற்றில் தெளிவுறக் காண்கின்றோம்.

கொகெய்ன் வணிகத்தில் கொழித்த பாப்லோ எஸ்கோபார், 1982ஆம் ஆண்டு நாடாளுமன்றக் கீழவைக்குப் பதிலி உறுப்பினராகத் தாமே தேர்வு பெற்றார். அரசியலில் புழங்கிய போதைப் பணத்தை அம்பலப்படுத்திய நீதி அமைச்சர் ரொட்ரிகோ லாரா போனியா 1984 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். எனினும் எஸ்கோபாரால் அரசியலில் நிலைக்க இயலவில்லை. காலி என்னும் நகரைச் சேர்ந்த எதிர்க் கும்பலின் தலைவர்களான ரொட்ரிகஸ் ஒரெகுவேலா சகோதரர்களோ வேறு வழி கண்டனர். மேடை ஏறாமல், மேடைக்குச் செலவு செய்தனர். துப்பாக்கியினும் இதுவே கொடிது என்பது நம் எண்ணம். வெடியோசை ஊரைக் கூட்டிவிடும். பணம் ஓசையின்றி நடக்கும்.

1994 மே மாத அதிபர் தேர்தலின் முதற்சுற்றில் எர்னஸ்டோ சாம்பெருக்கும் ஆந்திரேஸ் பாஸ்த்ரானாவுக்கும் இடையிலான வேறுபாடு 20,000 வாக்குகளுக்கும் குறைவு. இரண்டாம் சுற்றுக்கு இருந்ததோ மூன்றே வாரம். கையிருப்பு கரைந்த நேரத்தில் நீட்டப்படும் பணத்தின் ஊற்றுக்கண்ணை ஆராய்பவர் யார்? சாம்பெர் வென்றார். சில நாட்களிலேயே, காலிக் கும்பலின் பணம் பற்றிய உரையாடல் ஒலிநாடாக்கள் வெளியாயின. ஏறத்தாழ 60 இலட்சம் டாலர் பெறப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. கோப்பின் எண்ணைக் கொண்டு அவ்விசாரணை ‘8000 வழக்கு’ எனப் பெயர் பெற்றது. 1995இல் பிரசாரப் பொருளாளர் கைதானார். பிரசாரத்தை நடத்திப் பின்னர்ப் பாதுகாப்பு அமைச்சரான பெர்னாண்டோ போத்தேரோவும் பதவி துறந்து சிறை புகுந்தார்.

பணம் வந்திருப்பின் அது தாம் அறியாமல் வந்தது என்றார் சாம்பெர். வரவேற்பறைக்குள் யானை நுழைந்தால் வீட்டுக்காரர் காணாதிருப்பாரோ என்னும் பொருள்படப் பேராயர் பெத்ரோ ரூபியானோ வினவினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் கதை நமக்கும் புதிதன்றே!

அதிபரை விசாரிக்கும் அதிகாரம் கீழவைக்கே உரியது. அந்நாடாளுமன்றத்திலோ, அதே கும்பலிடம் பணம் பெற்றதாக விசாரணைக்கு உள்ளானோர் பலர். 1996 ஜூனில் 111க்கு 43 என்னும் வாக்குகளால் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. சாம்பெர் குற்றமற்றவரோ அல்லரோ, அத்தீர்ப்பை மக்கள் நம்புதற்கு வழியில்லாமற் போயிற்று. வேட்பாளருக்கு மட்டுமன்றி, அவரைத் தீர்ப்பிடும் அவைக்கும் முன்கூட்டியே விலை பேசப்பட்டிருந்தது என்பதே இங்கு உற்று நோக்கத்தக்கது.

கும்பல் கொடுத்த விலைக்குப் பெற்றது யாது? சகோதரர் இருவரும் சாம்பெர் ஆட்சியிலேயே, 1995இல், பிடிபட்டனர். ஆயின் அவர்கள் அஞ்சியது உள்நாட்டுச் சிறையை அன்று, அமெரிக்காவுக்கு ஒப்படைக்கப்படுவதையே. 1991 அரசியலமைப்பு அதனைத் தடை செய்திருந்தது. 1997 டிசம்பரில் நாடாளுமன்றம் அத்தடையை நீக்கியபோதும், முந்தைய குற்றங்களுக்கு அது பொருந்தாது என விதித்தது. அதற்குப் பிந்தைய குற்றங்களுக்காகவே 2004இலும் 2005இலும் சகோதரர்கள் ஒருவர்பின் ஒருவராக அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டு, 2006இல் 30 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர்.