மன்னார் எரிவாயு: இருப்பது வேறு, எடுப்பது வேறு

மன்னார் கடலுக்கடியில் எரிவாயு இருக்கிறது என்பது புதுச் செய்தியல்ல. 1970களில் சோவியத் உதவியுடன் பேசாலையில் எண்ணெய் தேடித் துளையிட்டார்கள். 2011 இல் கெயர்ன் லங்கா நிறுவனம் கடலில் மூன்று கிணறுகளைத் துளையிட்டது. டொராடோ, பரகுடா ஆகிய இரண்டில் எரிவாயு தென்பட்டது. மூன்றாவது வெறுங்கிணறு. 2015 இல் நிறுவனம் வெளியேறியது. வர்த்தக உற்பத்தி இன்றுவரை தொடங்கவில்லை.

பாறைக்குள் வாயு இருந்தாலும் அது கிணற்றை வந்தடைய வழி வேண்டும். இறுகிய பாறை என்றால் உயர் அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்தி அதைப் பிளக்கிறார்கள். பிளவு மீண்டும் மூடாதிருக்க மணலையோ பீங்கான் மணிகளையோ உள்ளே நிரப்புகிறார்கள். அந்த நிரப்பின் ஊடாக வாயு எவ்வளவு இலகுவாக ஓடுகிறது என்பதே பிளவின் கடத்துதிறன். பிளவின் அகலமும் நிரப்பின் ஊடுபுகவிடும் தன்மையும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன.

இந்தத் திறன் நாளடைவில் குறைகிறது. பிளவை மூட முனையும் பாறையின் அழுத்தத்தில் மணல்மணிகள் நொறுங்கித் தூளாகின்றன. களிப்பாறை என்றால் மணிகள் அதற்குள் புதைந்து பிளவு ஒடுங்குகிறது. மணலைச் சுமந்து செல்லும் திரவத்தைத் தடிப்பாக்க, கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பசையைக் கலப்பது வழக்கம். அது முழுமையாகக் கரையாவிட்டால் எச்சம் துளைகளை அடைக்கும். பாறையிலிருந்து கழன்று வரும் நுண்துகள்களும் அதையே செய்யும். வடிகாலில் சேறு படிவது போலத்தான்.

இதனால் தொடக்கத்தில் நன்றாக வாயு தரும் கிணறு பின்னர் தளர்ந்துவிடலாம். அப்போது மீண்டும் பிளக்க வேண்டும், அல்லது புதுக்கிணறு வேண்டும். இரண்டுக்கும் கூடுதல் திரவம், இரசாயனம், கப்பல் நடமாட்டம் தேவை. கிணற்றிலிருந்து திரும்பி வரும் கழிவுநீரையும் எங்காவது அகற்றியாக வேண்டும். டொராடோவில் கடலின் ஆழம் மட்டுமே ஏறத்தாழ 1,350 மீற்றர். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் செலவு பெரிது.

ஆகவே "இவ்வளவு வாயு இருக்கிறது" என்று யாராவது சொன்னால், அதில் எவ்வளவை எடுக்க முடியும் என்று கேட்க வேண்டும். பாறையைப் பிளக்கும் திட்டம் உண்டா? எத்தனை முறை? கழிவுநீர் எங்கே போகும்? தொழிலுக்குப் போகும் கடற்பரப்பில் எவ்வளவு மூடப்படும்? போரின்போது கடல் மூடப்பட்டதால் என்ன நடந்தது என்பது மன்னார்க் கடற்றொழிலாளருக்குத் தெரியும். இந்தக் கேள்விகளுக்கான பதில் ஒப்பந்தம் கைச்சாத்தாவதற்கு முன்பே, தமிழில், அவர்கள் கைக்கு வந்துசேர வேண்டும்.