ஆன்லைன் போக்கர்: வென்ற தொகை திறமைக்குச் சான்றாகுமா? – ஒரு விளக்கம்

புது தில்லி: ஆன்லைன் போக்கர் போட்டிகளில் பல லட்சம் ரூபாய் வென்றதாகக் கூறி, அந்த வெற்றியையே தகுதியாக முன்வைத்துக் கட்டணப் பயிற்சிக்கு ஆள் சேர்க்கும் விளம்பரங்கள் சமூக ஊடகங்களில் காணப்படுகின்றன. பணம் வைத்து விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட்டில் நிறைவேற்றிவிட்டது. எனினும், ஒரு போக்கர் ஆட்டக்காரர் உண்மையிலேயே திறமையானவரா, அவர் அளிக்கும் பயிற்சி நம்பத்தக்கதா என்பதை எவ்வாறு அறிவது என்ற கேள்வி, கட்டணம் செலுத்துவோருக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் முக்கியமானதாகவே உள்ளது.

திறமை உண்டு, ஆனால் மெதுவாகவே வெளிப்படும்

போக்கரில் திறமைக்கு இடமுண்டு என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட், சட்டப் பேராசிரியர் தாமஸ் மைல்ஸ் ஆகியோர் 2010-ஆம் ஆண்டு உலக போக்கர் தொடரின் முடிவுகளை ஆராய்ந்தனர். தொடர் தொடங்குவதற்கு முன்பே திறமையானவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டிருந்தவர்கள், தாங்கள் செலுத்திய நுழைவுக் கட்டணத்தின் மீது சராசரியாக 30 சதவீதத்துக்கும் அதிகமான லாபம் ஈட்டியிருந்தனர். மற்றவர்கள் சராசரியாக 15 சதவீதம் இழந்திருந்தனர்.

இது ஒரு பெரிய குழுவின் சராசரி. தனி ஒருவரின் சில மாத முடிவுகளைக் கொண்டு இத்தகைய முடிவுக்கு வர இயலாது. எளிய கணக்கு ஒன்று இதை விளக்கும்.

தலா ரூ.1,000 கட்டணத்தில் 100 பேர் பங்கேற்று, மொத்தத் தொகையான ரூ.1 லட்சத்தையும் ஒருவரே பெறும் போட்டி என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஆட்டக்காரரின் வெற்றி வாய்ப்பு 1 சதவீதம். அவரைவிட இரு மடங்கு திறமையானவரின் வாய்ப்பு 2 சதவீதம். இருவரும் 100 போட்டிகளில் பங்கேற்றால், சராசரி ஆட்டக்காரர் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட போட்டிகளில் வென்று, போட்ட பணத்தைக் குறைந்தபட்சம் இரட்டிப்பாக்குவதற்கான வாய்ப்பு சுமார் 26 சதவீதம். திறமையானவர் ஒரு போட்டியில்கூட வெல்லாமல் ரூ.1 லட்சத்தையும் இழப்பதற்கான வாய்ப்பு சுமார் 13 சதவீதம்.

அதாவது, 100 போட்டிகளின் முடிவை மட்டும் பார்ப்பவர், சராசரி ஆட்டக்காரரை வல்லுநர் என்றும், வல்லுநரைத் தோல்வியாளர் என்றும் கருதிவிட வாய்ப்புள்ளது. போட்டிகளின் எண்ணிக்கை 1,000 ஆக உயர்ந்தால் நிலைமை மாறும். அப்போது சராசரி ஆட்டக்காரர் அதிர்ஷ்டத்தால் மட்டும் பணத்தை இரட்டிப்பாக்குவதற்கான வாய்ப்பு அரை சதவீதத்துக்கும் கீழே சென்றுவிடும். உண்மையான பெரிய போட்டிகளில் ஆயிரக்கணக்கானோர் பங்கேற்பதால், திறமையை அறிய இதைவிடவும் அதிகமான போட்டிகள் தேவைப்படும்.

கண்ணில் படுபவர்கள் யார்?

மேற்கண்ட கணக்கையே 1,000 சராசரி ஆட்டக்காரர்களுக்குப் பொருத்தினால், அவர்களில் சுமார் 18 பேர் 100 போட்டிகளில் நான்கு முறையோ அதற்கு மேலோ வென்றிருப்பர். போட்ட பணம் நான்கு மடங்காகத் திரும்பிய இந்த 18 பேரிடமும் தனித்திறமை ஏதும் இல்லை. எனினும், வெற்றிக் கதையைச் சொல்லிப் பயிற்சி வகுப்பு தொடங்கும் நிலையில் இருப்பவர்கள் இவர்கள்தான். ஒரு முறைகூட வெல்லாத ஏறத்தாழ 366 பேர் அமைதியாக விலகியிருப்பர். வென்றவர்களை மட்டுமே காண்பதால், வெற்றி எளிது என்ற தோற்றம் உருவாகிறது.

அமெரிக்காவைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், 2003-ஆம் ஆண்டு குறைந்த கட்டண ஆன்லைன் தகுதிப் போட்டி வழியாக உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்து, 839 பேர் பங்கேற்ற அப்போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். ஆன்லைன் போக்கரின் உலகளாவிய வளர்ச்சிக்கு அவ்வெற்றி பெரிதும் உதவியது. அதே தகுதிப் போட்டிகளில் பணத்தை இழந்தவர்களின் பெயர்கள் எங்கும் பேசப்படவில்லை.

பரிசுத் தொகையும் லாபமும் ஒன்றல்ல

ஆட்டக்காரர்களின் தரத்தைக் காட்டப் பரவலாக மேற்கோள் காட்டப்படுவது 'மொத்தப் பரிசுத் தொகை'. ஹெண்டன் மாப் போன்ற தரவுத்தளங்கள், நேரடிப் போட்டிகளில் ஒருவர் பெற்ற பரிசுகளைப் பட்டியலிடுகின்றன. அவர் செலுத்திய நுழைவுக் கட்டணங்கள் அதில் கழிக்கப்படுவதில்லை. ரூ.50 லட்சம் பரிசு பெற்றவர் அதற்காக ரூ.60 லட்சம் செலவிட்டிருந்தால், பட்டியலில் அவர் வெற்றியாளராகவும் வங்கிக் கணக்கில் கடனாளியாகவும் இருப்பார். தோற்று வெளியேறியவர் மீண்டும் கட்டணம் செலுத்தி அதே போட்டியில் நுழைய அனுமதிக்கும் முறை, இந்த இடைவெளியை மேலும் அதிகரிக்கிறது.

பரிசு முழுவதும் ஆட்டக்காரருக்கே செல்லும் என்பதும் உறுதியல்ல. கட்டணத்தில் ஒரு பகுதியைப் பிறரிடம் பெற்று, வெற்றியில் அவர்களுக்குப் பங்கு அளிப்பது தொழில்முறை போக்கரில் வழக்கமான நடைமுறை.

ஷார்க்ஸ்கோப் போன்ற கண்காணிப்புத் தளங்கள், ஆன்லைன் போட்டிகளின் எண்ணிக்கை, சராசரி நுழைவுக் கட்டணம், லாப விகிதம் ஆகியவற்றைச் சேர்த்துக் காட்டுவதால் ஒப்பீட்டளவில் பயனுள்ளவை. ஆனால், ஒரு தளத்திலோ ஒரு கணக்கிலோ கிடைத்த நல்ல முடிவுகளை மட்டும் காட்டிவிட்டு மற்றவற்றை மறைக்க ஒருவரால் இயலும். எனவே, எத்தனை போட்டிகள், எந்தக் காலகட்டம், எவ்வளவு கட்டணம், எல்லாக் கணக்குகளும் அடங்குமா என்ற நான்கு விவரங்கள் இல்லாத லாப வரைபடம் முழுமையான சான்றாகாது.

இந்திய ஆட்டக்காரர்களைப் பொறுத்தவரை மற்றொரு வழியும் உள்ளது. 2023 ஏப்ரல் 1 முதல், ஆன்லைன் விளையாட்டில் கிடைக்கும் நிகர வெற்றித் தொகைக்கு 30 சதவீத வருமான வரியைத் தளங்களே பிடித்தம் செய்ய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதன் பிந்தைய நிதியாண்டுகளில் பெரும் லாபம் ஈட்டியதாகக் கூறுபவரிடம் அதற்கான வரிப் பிடித்தச் சான்று இருக்க வேண்டும். ஒரு தளத்தின் சான்று மற்றொரு தளத்தில் ஏற்பட்ட இழப்பைக் காட்டாது எனினும், அலைபேசித் திரையின் படத்தைவிட இது உறுதியான ஆவணமாகும்.

பயிற்சியாளரை எவ்வாறு அறிவது?

நன்றாக ஆடுபவர் நன்றாகக் கற்பிப்பார் என்ற உறுதி எத்துறையிலும் இல்லை. போக்கரில், முடிவை வைத்து அன்றி, முடிவெடுத்த முறையை வைத்தே பயிற்சியின் தரத்தை மதிப்பிட வேண்டியுள்ளது. சரியான முடிவெடுத்தும் தோற்ற ஆட்டத்தையும், தவறான முடிவெடுத்தும் வென்ற ஆட்டத்தையும் பிரித்து விளக்கத் தெரிந்தவரே கற்பிக்கும் தகுதியுடையவர்.

அடிப்படை அறிவைச் சோதிக்க ஓர் எடுத்துக்காட்டு: பெரிய போட்டி ஒன்றுக்கான 10 நுழைவுச் சீட்டுகள் மட்டுமே பரிசாக உள்ள தகுதிப் போட்டியில் 11 பேர் எஞ்சியுள்ளனர். அதிகச் சில்லுகளை வைத்திருப்பவருக்கு மிகச் சிறந்த சீட்டுகளான இரண்டு ஏஸ்கள் கிடைக்கின்றன. அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் தமது சில்லுகள் அனைத்தையும் பந்தயம் வைக்கிறார். இங்கு விலகுவதே சரியாக இருக்கக்கூடும். ஏனெனில், வென்றாலும் அதே ஒரு நுழைவுச் சீட்டுதான். தோற்றால் கையிலிருந்த வாய்ப்பும் பறிபோகும். பரிசு அமைப்பு மாறும்போது சரியான முடிவும் மாறும் என்பதை விளக்க இயலாமல், 'இந்தச் சீட்டு வந்தால் இவ்வாறு ஆடு' என்று மட்டும் சொல்பவரின் பயிற்சி போதுமானதல்ல.

'சால்வர்' எனப்படும் கணிப்பு மென்பொருள்கள் வந்த பின்னர், பயிற்சியாளரின் கூற்றைச் சரிபார்ப்பது ஓரளவு எளிதாகியுள்ளது. 2019-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் பேஸ்புக் நிறுவனமும் உருவாக்கிய 'புளூரிபஸ்' செயற்கை நுண்ணறிவு, ஐந்து தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் 12 நாள்களில் 10,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. அங்கும், வென்ற சில்லுகளை அப்படியே எண்ணாமல், அதிர்ஷ்டத்தின் தாக்கத்தைக் குறைக்கும் புள்ளியியல் முறையைக் கொண்டே ஆய்வாளர்கள் முடிவை மதிப்பிட்டனர்.

பயிற்சியாளருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. மாணவர்களைத் தளங்களில் சேர்ப்பதற்காகத் தரகுத் தொகை பெறுபவர், மாணவர் தோற்றாலும் வருமானம் பெறுவார். உறுதியான மாத வருமானம் கிடைக்கும் என்று வாக்களிப்பவரின் கூற்று, போக்கரின் இயல்புக்கே முரணானது.

நம்ப முடியாத வெற்றிகள்

அளவுக்கு மீறிய வெற்றியும் சில வேளைகளில் எச்சரிக்கையே. 2007-ஆம் ஆண்டு அப்சல்யூட் போக்கர் தளத்தில் நடந்த போட்டி ஒன்றில் ஒரு கணக்கின் ஆட்டம் சந்தேகத்தை எழுப்பியது. ஆட்டப் பதிவுகளை மற்ற ஆட்டக்காரர்கள் ஆராய்ந்ததில், எதிராளிகளின் சீட்டுகளைக் காணும் வசதி அக்கணக்குக்கு இருந்தது வெளிவந்தது. அதே ஆண்டில் போக்கர்ஸ்டார்ஸ் தளத்தின் முக்கிய ஆன்லைன் தொடரின் இறுதிப் போட்டியில் முதலிடம் பெற்ற கணக்கு, விதிமீறலுக்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. இரு நிகழ்வுகளிலும் பரிசுப் பட்டியல் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை.

சட்ட நிலை என்ன?

ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் தீர்ப்பளித்தது. போக்கர் குறித்து உயர் நீதிமன்றங்களின் கருத்துகள் வேறுபட்டன. குஜராத் உயர் நீதிமன்றம் 2017-இல் அதை அதிர்ஷ்டம் சார்ந்தது என்றது. தமிழக அரசின் சட்டம் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை எனக் கூறி அவற்றுக்கான தடையை நீக்கியது. நேரக் கட்டுப்பாடு போன்றவற்றை விதிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு என்றும் தெரிவித்தது.

2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற மத்திய சட்டம் இந்த வேறுபாட்டையே கருத்தில் கொள்ளவில்லை. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் செலுத்திப் பணம் வெல்லும் எதிர்பார்ப்புடன் ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அனைத்தும் அதன் வரம்புக்குள் வருகின்றன. அவற்றை வழங்குவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் ரூ.1 கோடி வரை அபராதமும், விளம்பரப்படுத்துவோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறையும் ரூ.50 லட்சம் வரை அபராதமும் விதிக்க அச்சட்டம் வகை செய்கிறது. விளையாடுவோருக்குத் தண்டனை இல்லை. இச்சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.